கௌசரின் காரும் என் வீங்கிய காலும்

எங்கள் தெருவில் நிற்கும் வெள்ளை அம்பாசிடர் இந்தக் கோடையில் ஏலகிரி மலை ஏறியபோது, அதன் உறுமலைக் கேட்டு மலையே கொஞ்சம் குனிந்து கொடுத்தது. வளைவுகளில் இருந்த குரங்குகள் எல்லாம் மரியாதையாக எழுந்து நின்றன. இதை ஆம்பூரிலிருந்து அணைக்கட்டு வரைக்கும் தெரிந்த வீடுகளில் எல்லாம் சொல்லியாயிற்று. கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். குரங்குகள் எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்துதான் இருந்தன. மலை விஷயத்தில் மட்டும் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

காரை ஓட்டியவள் கௌசர். எங்களுக்கு எதிர் வீடு. பள்ளிக்கூடத்தில் என்னிடம் கணக்குப் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள், மெல்ல மெல்ல மேலே வந்து இப்போது பேட்டர்ன் பிரிவுக்கே பொறுப்பு. புது மாடல் ஷூ ஒன்று வந்தால், அதன் தோலை எந்தெந்தத் துண்டாக வெட்டவேண்டும் என்று அட்டையில் வரைந்து நறுக்கிக் கொடுப்பது அவள் வேலை. அந்த அட்டைதான் பேட்டர்ன். அதை வைத்துத்தான் பிறகு ஆயிரக்கணக்கில் வெட்டுவார்கள்.

எதிரே ஆள் வந்தால் நாமெல்லாம் முகத்தைப் பார்ப்போம், கௌசர் காலைப் பார்ப்பாள். கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் அத்தனை பேர் கறுப்பு பர்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், செருப்பைப் பார்த்து சரியான ஆளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அட்டை வெட்டும் பழக்கமும் அவளை விட்டு வீட்டிலும் போகாது. தலையணை உறைக்கு ஓர் அட்டை, ரம்ஜானுக்கு சமோசா மடிக்க ஓர் அட்டை. அவள் கணவர் ஆபித் பாஷா ராணிப்பேட்டையில் தோல் கெமிக்கல் கம்பெனியில் இருக்கிறார். தூங்கும்போது தனக்கும் ஓர் அட்டை வெட்டி வைத்திருக்கிறாளோ என்று சந்தேகம் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் வாயைத் திறந்ததே அபூர்வம் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

என் காலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்து, எலும்பு முறிந்து கூடியதிலிருந்து என் இடது பாதம் வீங்கியே இருக்கிறது. வலது பாதத்தோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. கடையில் எந்த ஜோடிச் செருப்பும் இரண்டுக்கும் ஒன்றாகச் சேரவில்லை. கௌசர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு கால்களையும் தனித்தனியாக அட்டையில் வரைந்தாள். ஷூ கம்பெனியில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு காலுக்குத்தான் வரைவார்கள். அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டினால் மறு கால் வந்துவிடும். அவளும் அவ்வளவு வருஷமாக அப்படித்தான் வரைந்து வந்தாள். வரைந்து முடித்ததும், நான் கணக்கில் போட்ட கடுமையான மார்க்கெல்லாம் போதாதென்று இப்போது தன்னிடம் இரட்டை வேலை வாங்குகிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். செருப்பு மட்டும் சொர்க்கம்.

இனி காருக்கு வருகிறேன். அது அவள் அப்பாவின் அம்பாசிடர். தோல் வியாபாரம் பார்த்தவர். பேரணாம்பட்டிலிருந்து சென்னை பெரியமேடு வரைக்கும் அதிலேயே சுற்றியவர். அவருக்குப் பிறகு ஆர்.சி. புத்தகம் மகன் காஷிஃப் பேருக்குப் போயிற்று, சாவி மகள் கௌசர் கைக்குப் போயிற்று. காஷிஃப் அவளுக்குத் தம்பி. கியர் போடத் தேவையில்லாத புதுக் கார் வைத்திருக்கிறான். அவனும் என் மாணவன்தான், ஆனால் அவனைப் பற்றிப் பெருமைப்பட அவன் எனக்கு அதிகம் இடம் கொடுத்ததில்லை.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் மொத்தமும் ஏலகிரிக்குப் போகும். டேக்சா நிறைய பிரியாணியும் கூடப் போகும். டேக்சா என்றால் இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் பாத்திரம், வேறு எந்த டிக்கியிலும் அடங்காது, அம்பாசிடர் டிக்கியில் உட்காரும். கத்தரிக்காய் பச்சடி என் மடியில் இருக்கும். போன கோடையில் அப்படிப் போனபோது மலைப்பாதையில் பாதி வளைவுகூட ஏறவில்லை, கார் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கார் எங்களைத் தள்ளியது. கடைசியில் டேக்சா தண்ணீர் கேன் வண்டியில் மேலே போயிற்று. அவர்களுடைய அத்தை குர்ஷித் (அந்த வீட்டில் ஃபூஃபி என்பார்கள்) என் வயதுக்காரி, முக்காடு பறக்க மலையேறி நடந்தாள். அந்த நேரம் பார்த்து கௌசரின் கம்பெனிப் பெண்கள் சுற்றுலா வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் கடந்து போனார்கள். அவர்கள் கையசைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு மேலே சாப்பிட உட்கார்ந்தபோது காஷிஃப் பேச்சை எடுத்தான். பெங்களூரில் ஓட்டல்காரர் ஒருவர் பழைய கார்களை வாங்கி இரண்டாக வெட்டுகிறாராம். பின்பாதியில் மெத்தை வைத்து சோபா, முன்பாதி வரவேற்பு மேஜை. அம்பாசிடர் என்றதும் உடனே லாரி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அந்த வீட்டில் உருதுதான் பேச்சு, நான் இருந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். கௌசர் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தாள். ஆம்பூரில் ஒருத்தி பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“வெட்டறதப் பத்தி எங்கிட்டயா சொல்ற? என் பொழப்பே அதான்டா. நான் வெட்டினது எல்லாம் நடக்குது. எதுவும் ஒரு மூலையில உக்காந்துக்கல.”

காஷிஃபுக்கு உள்ளுக்குள் உறைத்திருக்க வேண்டும். இருந்தாலும் தம்பி இல்லையா, ஒரு நிபந்தனை போட்டான். அடுத்த கோடையில் இதே ஆட்கள், இதே டேக்சா. அடிவாரத்தில் ஏறினால் ஏரிக்கரையில்தான் இறங்க வேண்டும், நடுவில் ஒருவர்கூட இறங்கக் கூடாது. அப்படி ஏறிவிட்டால் ஆர்.சி.யை அக்கா பேருக்கு மாற்றித் தருவான். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை லாரி வரும். கௌசர் சரி என்று தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

பைபாஸ் ஓரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மூர்த்தி காரைப் பார்த்துவிட்டு, பழைய எஞ்சினுக்கு எத்தனை வைத்தியம் பார்த்தாலும் அந்த டேக்சாவோடும் எங்களோடும் அது மலை ஏறாது என்று நாசூக்காகச் சொன்னார். எங்களைச் சொன்னபோது என்னைப் பார்த்தார். பிறகு அவரே வழியும் சொன்னார். அம்பாசிடரிலேயே பின்னால் வந்த மாடல்களில் பெரிய எஞ்சின், கூடுதலாக ஒரு கியர். அந்த எஞ்சினை இதில் மாட்டலாம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனி கழித்துப் போட்ட காரில் அது நல்ல நிலையில் கிடைத்தது. கௌசர் எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்பவள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடவிட்டாள். காஷிஃப் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். ஏற்கெனவே அவன் மனக்கண்ணில் சோபாவுக்கு மெத்தை நிறம் தேர்ந்தெடுத்தாகிவிட்டது.

பழைய எஞ்சின் இருந்த இடத்தில் புதியது அப்படியே போய் உட்காராது. அதை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க இரும்பில் புதிதாக இரண்டு மவுண்டிங் செய்யவேண்டும். மூர்த்தி கண்ணால் அளந்து, தகட்டை வெட்டி, தட்டிச் சரிசெய்து கொள்கிறவர். கௌசருக்கு அது பாவச்செயல். அட்டை போடாமல் வெட்டுவதா என்று கேட்டு, அன்று மாலையே காருக்குப் பக்கத்தில் பாயை விரித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, அளந்து அளந்து ஓர் அட்டை வெட்டினாள். அழகான அட்டை. ஓட்டைகள்கூட மில்லிமீட்டர் பிசகாது.

அதைக் கொண்டுபோய் செல்வகுமாரிடம் கொடுத்தாள். அவர் ஷூ கம்பெனிகளுக்குத் தோல் வெட்டும் இரும்பு அச்சு செய்கிறவர். பேட்டர்ன் அட்டை வந்தால் ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார். அட்டையை வைத்து ஒன்று செய்தார், திருப்பிப் போட்டு இன்னொன்று செய்தார். இடது, வலது. அவர் கடையிலிருந்து ஜோடி இல்லாமல் எதுவும் வெளியே போனதில்லை. கௌசரும் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்த மாதிரி பொருந்தியிருந்தது. திருப்தியாக வாங்கி வந்துவிட்டாள். தாங்கப்போவது எஞ்சினை, ஆளை இல்லை என்று அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

எஞ்சின் இறங்கியது. லேசாக வலது பக்கம் சாய்ந்தாற்போல நின்றது, மாடிப்படி இறங்கும்போது நான் நிற்கிற மாதிரி.

“சாயுதேக்கா,” என்றார் மூர்த்தி.

“புதுச் செருப்பும் மொதல்ல அப்படித்தான் இருக்கும். நாலு நாள் போட்டா பழகிடும்.”

மூர்த்தி போல்ட்டை முடுக்கினார். அட்டை போட்டே வெட்டியிருக்கிறார்கள், என் கண்ணில்தான் கோணல் என்று நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

மலைக்குப் போகும் ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை, கம்பெனி விடும் நேரம். கௌசர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து காரைத் தானே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். சாவியைத் திருப்பியதும் கிளம்பிய சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்றாம். இடது பக்கம் திரும்பி ரோட்டுக்கு வந்தாள். கார் வெண்ணெய் மாதிரி போயிற்று. அடுத்து வீட்டுக்கு வர வலது பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டியரிங் பாதி வரைக்கும் திரும்பி, மேலே திரும்பமாட்டேன் என்று நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. அவள் இடது பக்கம் ஒடித்துவிட்டாள்.

என்னிடம் கணக்குப் படித்தவள் அல்லவா. மூன்று தடவை இடது பக்கம் திரும்பினால் ஒரு தடவை வலது பக்கம் திரும்பியதற்குச் சமம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆம்பூர்த் தெருக்கள் கணக்கு நோட்டில் கட்டம் போட்டாற்போல இல்லை. ஒன்று பள்ளிவாசலில் போய் முடிகிறது, ஒன்று ரயில்வே கேட்டில். மெதுவாக, இடது இடதாகவே வந்து கௌசர் தன் கம்பெனி வாசலைத் தாண்டினாள். மாதனூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் மேடத்தின் புது எஞ்சினைப் பார்த்துக் கை தட்டினார்கள். சிறிது நேரத்தில் மறுபடியும் அதே வாசல். மேடம் எங்களுக்குக் காட்டத்தான் சுற்றுகிறார்கள் என்று விசில் அடித்தார்கள். அடுத்த சுற்றில் வாட்ச்மேன் எழுந்து சல்யூட் வைத்தார். வாட்ச்மேனைக் கதையில் நான்தான் சேர்த்தேன். விசில் நிஜம்.

ஒருவழியாக அவள் எங்கள் தெருவுக்குள் தப்பான திசையிலிருந்து வந்து சேர்ந்தபோது காஷிஃப் வாசலில் காத்திருந்தான். செய்தி அவளுக்கு முன்னால் வந்துவிட்டது.

“ஆபா,” என்றான், அக்காவை அப்படித்தான் கூப்பிடுவான், “ஏலகிரியில வலது பக்கமும் வளைவு இருக்குது. லாரிக்காரன்கிட்ட இன்னா சொல்லட்டும்?”

கௌசர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து நான் தெருவைக் கடந்து போனேன். ஆறுதலுக்கு என்ன கதை சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் போய் நின்றேன். அவள் பழக்கத்தில் முதலில் என் காலைப் பார்த்தாள். பிறகு எஞ்சினைப் பார்த்தாள். மறுபடியும் என் காலைப் பார்த்தாள்.

“டீச்சர், செருப்பக் கழட்டுங்க.”

கழற்றினேன். இரண்டையும் எடுத்து எஞ்சினுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் தூக்கிப் பிடித்தாள். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம்.

“இதுக்கும் ரெண்டு கால் ஒண்ணா இல்ல டீச்சர், உங்களுக்கு மாதிரியே. வலப்பக்கம் ஸ்டியரிங் ராடு போவுது, எடப்பக்கம் ஒண்ணும் இல்ல. நான் எடது கால மட்டும் வரஞ்சு திருப்பிப் போட்டுட்டேன். எஞ்சின் சாஞ்சு போய் ராடு மேல இடிக்குது.”

ஷூ தெரியாத ஊரில் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. எங்கள் ஊரில் வேறு எந்தத் தவறும் வந்திருக்காது. அந்த அம்பாசிடரை என் வீங்கிய கால்தான் காப்பாற்றியது என்று நான் சொல்வதில் மட்டும் ஒரு சொட்டுகூட மிகை கிடையாது. செருப்பைத் திருப்பிக் கேட்க மறந்து வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன் என்பதும் நிஜம்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, இந்தத் தடவை வலப்பக்கம் படுத்து, வேறோர் அட்டை வெட்டினாள். அதன் மேல் ‘ஒத்தை’ என்று பெரிதாக எழுதினாள். செல்வகுமார் அட்டையை வாங்கி ஒன்று செய்து முடித்து, கை தன்னால் அதைத் திருப்பிப் போடப் போனபோது கௌசர் அட்டையைப் பறித்துக்கொண்டாளாம். ஜோடியில் ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்ப அவருக்கு மனசே வரவில்லை, வாசல் வரைக்கும் வந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். சனிக்கிழமை மூர்த்தி அதை மாட்டியதும் எஞ்சின் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுற்றிக் காட்டினார். எங்கேயும் இடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். காஷிஃப் தன் குடும்பத்தோடு புதுக் காரில் முன்னால் போனான். எங்கள் காரில் முன்சீட்டில் ஆபித் பாஷா, பின்னால் நானும் குர்ஷித்தும், டிக்கியில் டேக்சா. குர்ஷித் மடியில் ஒரு பை சாத்துக்குடி, என் மடியில் கத்தரிக்காய் பச்சடி. வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் காஷிஃப் காரை ஓரங்கட்டி, எங்கள் ஜன்னல் பக்கம் வந்து குனிந்து ஆட்களை எண்ணிக்கொண்டான். டிக்கியைத் திறந்து டேக்சாவையும் பார்த்துக்கொண்டான். ஏரிக்கரையில் பார்ப்போம் என்று போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் ஊரெல்லாம் சொல்கிறேன். கௌசர் காலை அழுத்தினாள், கார் சீறிக்கொண்டு மேலே போயிற்று. முதல் வளைவு, அடுத்தது, அதற்கடுத்தது. வலது, இடது, எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஒடிந்தது. போன கோடையில் நாங்கள் இறங்கித் தள்ளிய இடம் வந்தது, போனது. ஆபித் பாஷா ‘ம்’ என்றார். அது அவருடைய கைதட்டல்.

வினை குர்ஷித் பக்கத்திலிருந்து வந்தது. பழைய எஞ்சின் காலத்தில் கார் மாட்டுவண்டி வேகத்தில் ஏறும், அவளுக்குத் தாலாட்டுவது போல இருக்கும், தூங்கிவிடுவாள். இப்போது வேகம். ஒவ்வொரு வளைவிலும் அவள் என் மேல் விழுந்தாள், நான் கதவின் மேல் விழுந்தேன். அவள் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிற்று.

“நிறுத்துடி கௌசர். நிறுத்தலன்னா டீச்சரம்மா பச்சடியிலயே வாந்தி வந்துடும்.”

நல்ல மேடு. வளைவுக்குச் சற்றுக் கீழே. அங்கே நிறுத்தினால் நின்ற இடத்திலிருந்து அத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கைபிரேக் மட்டும் பழையதுதான், அதன் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. குர்ஷித் கீழே இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது, நாளைக்கு லாரி. கௌசர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். நிறுத்தாவிட்டால் அத்தையின் கதி, நிறுத்தினால் காரின் கதி. அவள் நிறுத்தினாள். பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தாள். குர்ஷித் ஜன்னலுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி, மலைக்காற்றை நாலு வாய் குடித்து, உள்ளே இழுத்துக்கொண்டாள். யாரும் இறங்கவில்லை.

பிறகு கௌசர் கிளட்சை விட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதனால் இனி வருவதை முதுகால் பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். காரின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கிற்று, முன்பக்கம் கொஞ்சம் எழுந்தது. பின்னால் ஓர் அங்குலம்கூட நழுவவில்லை. டேக்சா டிக்கியில் ஒருமுறை முனகியது. அப்படியே கிளம்பி, வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விட்டது. மலை குனிந்தது அந்த இடத்தில்தான்.

ஏரிக்கரையில் காஷிஃப் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காரைச் சுற்றி வந்தான். பானெட்டில் கையை வைத்துப் பார்த்தான். நடுவில் யாராவது இறங்கினீர்களா என்று கேட்டான். இத்தனை வருஷம் பாடம் நடத்திய குரலில் நான்தான் இல்லை என்றேன். அவன் ஒரு நிமிஷம் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, போனை எடுத்து பெங்களூர்க்காரரிடம் சோபாவுக்கு வேறு கார் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அன்று கௌசர் பிரியாணி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மலை இறங்கும்போது தானும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க காஷிஃப் சாவியைக் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. ஆர்.சி. இப்போது அவள் பேரில் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் கம்பெனி வாசலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள், வலது பக்கம் திரும்பி.

இதை எழுதி முடித்ததும் எதிர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கௌசர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ அட்டையை நறுக்கிக்கொண்டிருந்தாள். குர்ஷித் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஆபித் பாஷா தூங்குகிற மாதிரி இருந்தார். காஷிஃப் மட்டும் கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“டீச்சர், நான் மேல் வளைவுல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். ஃபூஃபி எறங்கினாங்க. ஓரமா இருந்த சுவர் மேல உக்காந்து சாத்துக்குடி உரிச்சு, கொட்டையெல்லாம் துப்பிட்டு, நிதானமா சாப்ட்டாங்க. நீங்களும் ரெண்டு சுளை வாங்கிக்கினீங்க. அப்புறம் அவங்கள ஏத்திக்கினு, டயருக்கு ஒரு கல்லு வெக்காம, அந்த மேட்டுலேர்ந்து ஆபா வண்டிய எடுத்தாங்க பாருங்க, அதுக்குத்தான் நான் வாயத் தெறக்கல. மலை ஒண்ணும் குனியல. திருத்தி எழுதுங்க.”